இன்று எடுத்துப் போகலாமா? அமெரிக்காவில் புதிதாகத் துப்பாக்கி பெர்மிட் வாங்கிய தமிழர்களுக்கு

துப்பாக்கியை மறைத்து வெளியே எடுத்துப் போக அனுமதிக்கும் பெர்மிட் அட்டை தபாலில் வந்து சேர்ந்த வாரம் எல்லோருக்கும் ஒரு வேகம் இருக்கும். வகுப்பில் உட்கார்ந்தாயிற்று, ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் களத்தில்) சுட்டுக் காட்டியாயிற்று, கைரேகையும் கொடுத்தாயிற்று; இனி வெளியே கிளம்பும்போதெல்லாம் இடுப்பில் இருக்க வேண்டியதுதானே என்று தோன்றும். துப்பாக்கி வைத்திருப்போர் வட்டத்தில் 'எப்போதும் எடுத்துப் போ' என்பதையே முதல் பாடமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெர்மிட் அனுமதி மட்டும்தான் தருகிறது. எந்த நாளில் அதை வீட்டிலேயே பூட்டி வைக்க வேண்டும் என்பதை நாமேதான் பழகிக்கொள்ள வேண்டும்.

முன்பு இந்தக் கேள்வியே பலருக்கு எழவில்லை. நியூயார்க், நியூ ஜெர்சி, கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் சாதாரண ஆளுக்குப் பெர்மிட் கிடைப்பதே அரிது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் புரூயன் வழக்கில் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு 'உனக்கு என்ன தனிப்பட்ட தேவை?' என்று கேட்டு மறுக்க முடியாமல் போனது. இன்னொரு பக்கம் டெக்சஸ் (2021), ஜார்ஜியா (2022), ஃப்ளோரிடா (2023) என்று வரிசையாகப் பல மாநிலங்கள் பெர்மிட்டே தேவையில்லை என்று சட்டம் கொண்டுவந்துவிட்டன. நம்மவர்களில் பலர் இந்தப் பக்கம் வரத் தனிக் காரணமும் உண்டு. 2017 பிப்ரவரியில் கான்சஸ் மாநிலம் ஓலேத்தாவில், வேலை முடிந்து ஒரு மதுக்கூடத்தில் உட்கார்ந்திருந்த இந்தியப் பொறியாளர் 'என் நாட்டை விட்டுப் போ' என்று கத்தியவனால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் செய்தி பல வீடுகளில் இந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தது. அச்சம் நியாயமானதுதான். ஆனால் இன்று எடுத்துப் போகலாமா என்பதை அச்சத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. அன்றைய நாள் எப்படி அமையப்போகிறது என்பதை வைத்துத்தான் செய்ய முடியும். அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில்: உங்கள் விசா என்ன?

இதைத் தாண்டாமல் மேலே படிக்க வேண்டாம். எச்1பி, எல்1, எஃப்1, எச்4, பி2 என்று தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் விலக்கை நம்பி இறங்குவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசுவதே புத்திசாலித்தனம். உங்கள் மாநிலத்தில் பெர்மிட் தேவையில்லை என்பது இந்தத் தடையை நீக்காது.

கிரீன் கார்டு உள்ளவர்கள் வைத்திருக்கலாம். ஆனால் அவர்கள் குடிமகன்களைவிட இரட்டிப்பு கவனமாக இருக்க வேண்டும். துப்பாக்கி தொடர்பான ஒரு குற்றத்தில் தண்டனை பெற்றாலே நாடு கடத்துவதற்கு அது போதும். பக்கத்து வீட்டு அமெரிக்கருக்கு அபராதத்தோடு முடிகிற விஷயம் உங்களுக்கு இருபது வருட வாழ்க்கையையே புரட்டிப் போடலாம். நான் கீழே சொல்லப்போகும் எல்லாவற்றையும் இந்தக் கண்ணாடி வழியாகவே படியுங்கள்.

இன்னொன்று: கஞ்சா. உங்கள் மாநிலத்தில் கடையிலேயே விற்கலாம். கூட்டாட்சிச் சட்டத்தில் அது இன்னும் தடை செய்யப்பட்ட பொருள்தான். துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் இதைப் பெயர் சொல்லியே கேட்கிறார்கள். தூக்கத்துக்காகக் கஞ்சா மிட்டாய் சாப்பிடுகிற பழக்கம் இருந்தால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது: அன்றைய பாதை முழுவதையும் வரையுங்கள்

என் கணக்கில் இதுதான் முக்கியமான படி, பலர் தவறவிடுவதும் இதைத்தான். 'கடைக்குப் போகிறேன், அங்கே தடை இல்லை' என்று ஒரே ஓர் இடத்தை மட்டும் நினைத்துக் கிளம்புகிறார்கள். வழியில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூப்பிட வேண்டும், பார்சல் அனுப்ப வேண்டும் என்பது பிறகுதான் நினைவுக்கு வருகிறது. உடனே காரிலேயே கழற்றி இருக்கைக்கு அடியில் திணிக்கிறார்கள்.

அந்தக் கழற்றல்தான் ஆபத்து. தோட்டா ஏற்றிய துப்பாக்கி உறைக்குள் அசையாமல் இருக்கும்வரை தானாக வெடிப்பது மிக அரிது. குறுகலான கார் இருக்கையில், பெல்ட்டுக்கும் சட்டைக்கும் நடுவில் விரலைவிட்டு எடுப்பதும் திரும்பச் செருகுவதுமான நேரத்தில்தான் தவறுதலாகச் சுட்டுக்கொள்கிறார்கள். காரில் விட்டுப் போவது அடுத்த சிக்கல். கண்ணாடியை உடைத்துத் துப்பாக்கி திருடுவது அமெரிக்க நகரங்களில் அன்றாடச் செய்தி. கொலராடோ 2025 ஜனவரி முதல், காரில் ஆளில்லாமல் விடும் கைத்துப்பாக்கி பூட்டிய பெட்டியில் பார்வையில் படாமல் இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டது.

ஆகவே நான் பின்பற்றும் விதி இது: அன்றைய பாதையில் ஒரே ஓர் இடம் தடை செய்யப்பட்டதாக இருந்தாலும், அன்று துப்பாக்கி வீட்டில்.

தடை இடங்களில் நம் வாழ்க்கையில் அடிக்கடி வருபவை:

பள்ளிக்கூடம். பள்ளி எல்லையிலிருந்து 1,000 அடி வரை கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கி இல்லா வளையம். அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த பெர்மிட் உங்களிடம் இருந்தால் விலக்கு உண்டு. பெர்மிட் தேவையில்லாத மாநிலம் என்று சொல்லி அட்டை வாங்காமல் விட்டவருக்கும், வேறு மாநில அட்டையோடு வந்தவருக்கும் அந்த விலக்கு இல்லை. பெர்மிட் தேவைப்படாத மாநிலத்தில்கூட அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். வளையத்தைத் தாண்டி வளாகத்துக்குள் போவதைப் பெரும்பாலான மாநிலங்கள் தனியாகவே தடை செய்கின்றன. இங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுவார்கள்: வார இறுதித் தமிழ்ப் பள்ளி பல ஊர்களில் நடப்பது அரசுப் பள்ளிக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்துத்தான். பொங்கல் விழா, ஆண்டு விழா, நாடகம் எல்லாம் உயர்நிலைப் பள்ளி அரங்கில். ஞாயிற்றுக்கிழமை என்பதாலோ வாடகைக்கு எடுத்தது நாம் என்பதாலோ அது பள்ளி இல்லை என்று ஆகிவிடாது.

கூட்டாட்சி அரசுக் கட்டடங்கள். சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம், குடியுரிமை நேர்காணல் நடக்கும் குடியேற்றத் துறை அலுவலகம், நீதிமன்றம். தபால் நிலையத்தில் விதி இன்னும் கடுமை. அதன் வாகன நிறுத்துமிடமும் தடையில் சேரும். பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கு அங்கேதான் போய் நிற்போம். இதை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன. அதைச் சோதித்துப் பார்க்கும் ஆளாக நீங்கள் இருக்க வேண்டாம்.

தேசியப் பூங்காக்கள். 2010 பிப்ரவரியிலிருந்து, பூங்கா எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலச் சட்டப்படி எடுத்துப் போகலாம். ஆனால் உள்ளே இருக்கும் பார்வையாளர் மையம் கூட்டாட்சிக் கட்டடம். கழிப்பறைக்கும் வரைபடத்துக்கும் அங்கேதானே நுழைவோம்?

கோயில். வழிபாட்டிடங்கள் பற்றி மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. மிச்சிகனில் கோயில் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். டெக்சஸில் 2019க்குப் பிறகு நிர்வாகம் தடை சொல்லாதவரை சட்டம் தடுக்கவில்லை. சட்டம் தடுக்காத இடத்திலும் யோசியுங்கள். கீழே விழுந்து கும்பிடுவோம், தரையில் சப்பணமிட்டு உட்காருவோம், குழந்தைகள் மடியிலும் முதுகிலும் ஏறுவார்கள். இடுப்பில் உள்ளதை ஒருவர் கண்ணிலும் படாமல் அங்கே மறைக்க முடியாது. வேட்டிக்கு ஏற்ற உறை என்று எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை. கோயிலின் பாதுகாப்பு பற்றிய கவலை இருந்தால் நிர்வாகக் குழுவிடம் பேசி, பயிற்சி பெற்ற காவலரை அமர்த்தச் சொல்லுங்கள்.

வேலையிடம். சட்டம் அனுமதித்தாலும் நிறுவனத்தின் விதி தடுக்கும். மீறினால் வேலை போகும். டெக்சஸ், ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் ஊழியர் தன் காரில் பூட்டி வைக்க அனுமதிக்கும் சட்டம் உண்டு. ஆனால் அதுவும் எட்டு மணி நேரம் காரில் கிடக்கும் துப்பாக்கிதான்.

கடைகளின் வாசலில் உள்ள அறிவிப்பைப் படிக்கப் பழகுங்கள். சில மாநிலங்களில் அது வேண்டுகோள் மாதிரி. வெளியேறச் சொல்லியும் போகாவிட்டால்தான் குற்றம். டெக்சஸில் 30.06 என்ற எண்ணோடு உள்ள பலகைக்குச் சட்ட பலம் உண்டு; பெர்மிட் இருந்தாலும் மறைத்து எடுத்துப் போக முடியாது. அங்கேயே சிவப்பில் 51% என்று பெரிதாக எழுதியிருந்தால், அந்த இடத்தின் வருமானத்தில் பாதிக்கு மேல் மது விற்பனையில் வருகிறது என்று பொருள். உள்ளே துப்பாக்கிக்கு இடமில்லை.

மூன்றாவது: மாநில எல்லையைத் தாண்டுகிறீர்களா?

ஓட்டுநர் உரிமம் மாதிரி இது நாடு முழுக்கச் செல்லாது. இல்லினாய், கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி ஆகியவை வேறு எந்த மாநிலத்தின் பெர்மிட்டையும் ஏற்பதில்லை. 2013இல் பென்சில்வேனியா பெர்மிட் வைத்திருந்த ஒரு பெண் நியூ ஜெர்சிக்குள் காரில் போனார். போலீஸ் நிறுத்தியதும் தன்னிடம் துப்பாக்கி இருப்பதைத் தானே சொன்னார். கைது செய்தார்கள். பல ஆண்டு கட்டாயச் சிறைத் தண்டனை தலைக்கு மேல் தொங்கியது. 2015இல் ஆளுநர் மன்னிப்பு வழங்கிய பிறகுதான் முழுமையாக விடுபட்டார். இரண்டு மாநிலங்களுக்கும் நடுவில் இருப்பது ஓர் ஆற்றுப் பாலம்தான்.

கடந்து போக மட்டும் 1986ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் ஒரு வழி தருகிறது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் உங்களுக்கு வைத்திருக்கவும் எடுத்துப் போகவும் உரிமை இருக்க வேண்டும். தோட்டா ஏற்றாமல், துப்பாக்கியும் தோட்டாவும் கைக்கு எட்டாமல், கார் டிக்கியில் இருக்க வேண்டும். டிக்கி தனியாக இல்லாத வண்டியென்றால் பூட்டிய பெட்டியில். குளோவ் பாக்ஸ் கணக்கில் வராது. இது போய்க்கொண்டே இருப்பவருக்கான பாதுகாப்பு. வழியில் நண்பர் வீட்டில் இரண்டு நாள் தங்கினால் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது.

விமானப் பயணத்தைப் பற்றி ஒரே வரி போதும் என்று நினைத்தேன். ஆனால் 2023இல் மட்டும் விமான நிலையச் சோதனைச் சாவடிகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன, பெரும்பாலானவை தோட்டா ஏற்றியவை. பிடிபட்டவர்கள் வழக்கமாகச் சொல்வது 'பையில் இருந்ததை மறந்துவிட்டேன்' என்பதுதான். அபராதம் ஆயிரக்கணக்கான டாலர், கைதும் நடக்கலாம். அதனால் துப்பாக்கியை வைக்கும் பைக்கும் பயணப் பைக்கும் என்றைக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. எடுத்துப் போயே ஆக வேண்டுமென்றால் தோட்டாவை நீக்கி, கெட்டியான பெட்டியில் பூட்டி, கவுண்டரில் அறிவித்து, செக்-இன் பெட்டியாக மட்டும் அனுப்ப வேண்டும்.

நான்காவது: உங்களையே ஒருமுறை பாருங்கள்

குடிக்கப் போகிறீர்களா? அப்படியானால் பேச்சே இல்லை. மிச்சிகனில் இரத்தத்தில் 0.02 விழுக்காடு ஆல்கஹால் இருந்தாலே மறைத்து எடுத்துப் போவது சட்ட மீறல். கார் ஓட்டுவதற்கான 0.08ஐவிட எவ்வளவு குறைவு என்று பாருங்கள். வர்ஜீனியாவில் பெர்மிட்டோடு மறைத்து எடுத்துக்கொண்டு உணவகத்துக்குப் போகலாம், அங்கே மது அருந்தக் கூடாது. நண்பர் வீட்டு விருந்தில் முதல் கிளாஸை யாராவது நம் கையில் திணிப்பார்கள் என்று தெரிந்தே போகிற நாளில் துப்பாக்கியை வீட்டில் வையுங்கள். தூக்கம் வரவைக்கும் மாத்திரை, வலி மாத்திரை சாப்பிட்ட நாளும் அப்படித்தான்.

கோபம் இன்னும் மோசம். வீட்டில் வாக்குவாதம் நடந்து கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருகிறீர்கள் என்றால் எடுக்காதீர்கள். யாரோ ஒருவரைக் குறிப்பிட்டு நினைத்துக்கொண்டு அதை இடுப்பில் செருகுகிறீர்கள் என்றால், நீங்கள் தற்காப்புக்குக் கிளம்பவில்லை. 'துப்பாக்கி இல்லாமல் அங்கே போக மாட்டேன்' என்று ஓர் இடத்தைப் பற்றித் தோன்றினால், துப்பாக்கியோடும் அங்கே போகாதீர்கள்.

நம் வீடுகளில் வாய்விட்டுப் பேசாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2023இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அதில் சுமார் 27,300 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கொலைகளைவிட அதிகம். வேலை போய், விசா கெடு ஓடிக்கொண்டிருக்கும் மாதங்கள், விவாகரத்து, நெருங்கியவரின் மரணம் போன்ற காலங்களில் துப்பாக்கி வீட்டைவிட்டே வெளியே போவது நல்லது. சில துப்பாக்கிக் கடைகளும் ரேஞ்சுகளும் தற்காலிகமாகப் பாதுகாத்து வைக்கும்; கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.

ஐந்தாவது: எடுத்துப் போவதென்று முடிவானால்

டிரிக்கர் பகுதியை முழுதாக மூடும் கெட்டியான உறை, அதைத் தாங்கும் பெல்ட். இரண்டுக்கும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். வீட்டிலேயே அணிந்து, அன்று முழுக்க இடுப்பிலேயே விட்டுவிடுங்கள். சட்டை மேல் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பவரைக் கடையில் நிற்கும் எல்லோரும் கவனிப்பார்கள். கைப்பையில் வைப்பதைத் தவிருங்கள். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு வால்மார்ட் கடையில், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுட்டதில் தாய் இறந்தார். அவர் பெர்மிட் உள்ளவர். பையும் துப்பாக்கி வைப்பதற்கென்றே செய்தது.

பொதுக் கழிப்பறை பற்றி யாரும் சொல்லித் தர மாட்டார்கள். உறையிலிருந்து எடுத்துத் தாள் உருளையின் மேல் வைத்துவிட்டு மறந்து வந்தவர்களில் போலீஸ்காரர்களும் உண்டு. உறையிலேயே இருக்கட்டும், கால்சட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இடுப்பில் துப்பாக்கி இருக்கும் நாளில் எல்லா வாக்குவாதத்திலும் தோற்றுப் போங்கள். ஹாரன் அடிக்காதீர்கள். பார்க்கிங் இடத்தை விட்டுக் கொடுங்கள். 2018 ஜூலையில் ஃப்ளோரிடாவின் கிளியர்வாட்டரில், மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் கார் நிறுத்தியிருந்த பெண்ணிடம் ஒருவர் சண்டை பிடித்தார். அவள் துணைவர் வந்து தள்ளிவிட்டதும், கீழே விழுந்தவர் சுட்டுக் கொன்றார். பின்வாங்கத் தேவையில்லை என்ற சட்டம் உள்ள மாநிலம் அது. முதலில் கைதுகூடச் செய்யவில்லை. ஆனால் தள்ளியவர் பின்னால் நகர்ந்தது வீடியோவில் தெரிந்தது. சுட்டவருக்கு 20 ஆண்டுச் சிறை.

எப்போதுதான் துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கலாம்? வகுப்புகளில் மூன்று கேள்விகளாகச் சொல்வார்கள்: எதிரில் இருப்பவரால் உயிருக்கோ உடலுக்கோ பெருங்கேடு செய்ய முடியுமா, இந்தக் கணத்தில் அதற்கு அவருக்கு வாய்ப்பு இருக்கிறதா, செய்யப்போகிறார் என்பது அவர் நடத்தையில் தெரிகிறதா. மூன்றுக்கும் ஆம் என்று இருக்க வேண்டும். அதோடு, சில மாநிலங்களில் பாதுகாப்பாக விலக வழி இருந்தால் விலகியாக வேண்டும். எந்த மாநிலமாக இருந்தாலும் விலகிப் போனவர் மேல் வழக்கு வராது. பர்ஸுக்காக, போனுக்காக, காருக்காக என்று பொருளைக் காக்கச் சுடுவதைப் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்பதில்லை. சும்மா காட்டி மிரட்டுவதும் பல இடங்களில் குற்றம், நாம் முன்பு பார்த்த கிரீன் கார்டு சிக்கலோடு.

மற்றவர் சண்டையில் குறுக்கிடுவது பற்றி என் கருத்து கடுமையானது: உங்கள் பிள்ளையோ துணையோ இல்லையென்றால், விலகி நின்று 911ஐ அழையுங்கள். 2021 ஜூனில் கொலராடோவின் ஆர்வாடாவில், போலீஸ்காரரைக் கொன்ற ஒருவனைத் துப்பாக்கி வைத்திருந்த ஓர் ஆள் சுட்டு வீழ்த்தினார். கொலையாளியின் துப்பாக்கியை அவர் கையில் எடுத்தபோது, அங்கே வந்த போலீஸ் அவரையே தாக்குதல்காரன் என்று நினைத்துச் சுட்டுக் கொன்றது. அவர் வெள்ளையர். நம் நிறத்தையும் உச்சரிப்பையும் வைத்து அந்தச் சில நொடிகளை எண்ணிப் பாருங்கள்.

போலீஸ் காரை நிறுத்தினால் இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல். மிச்சிகன், வட கரோலினா போன்ற இடங்களில் பெர்மிட் உள்ளவர் கேட்காமலேயே சொல்ல வேண்டும். வேறு சில இடங்களில் கேட்டால் சொன்னால் போதும். எங்கேயானாலும் 'துப்பாக்கி' என்ற சொல்லோடு வாக்கியத்தைத் தொடங்காதீர்கள். 'எனக்குப் பெர்மிட் இருக்கிறது, இன்று எடுத்து வந்திருக்கிறேன், நான் என்ன செய்ய வேண்டும்?' என்று சொல்லிவிட்டு அசையாமல் இருங்கள். அட்டை எடுக்கவும் அனுமதி கேளுங்கள். 2016 ஜூலையில் மினசோட்டாவில், பெர்மிட் உள்ள ஒரு கறுப்பின ஓட்டுநர் துப்பாக்கி இருப்பதை மரியாதையாகச் சொல்லிவிட்டு ஆவணத்தை எடுக்கப்போனபோது சுடப்பட்டு இறந்தார். சுட்ட காவலர் நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டார்.

வீடு திரும்பியதும்

கழற்றுவது ஒரே இடத்தில், ஒரே முறையில், சுவர் பக்கம் முனையைத் திருப்பி. நேராகப் பெட்டிக்குள். அலமாரி மேல்தட்டு, மெத்தைக்கு அடி, புடவைகளுக்கு நடுவில் என்பதெல்லாம் பிள்ளைகளுக்கு முதலிலேயே தெரிந்த இடங்கள்.

பெட்டியின் எண் யாருக்குத் தெரியும் என்பதையும் பாருங்கள். ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்த அப்பா பி2 விசாவில் இருக்கிறார். உங்களோடு தங்கிப் படிக்கும் தம்பி எஃப்1இல். அவர்களால் அதைத் திறக்க முடிந்தாலே அவர்கள் 'வைத்திருக்கிறார்கள்' என்று வழக்குப் போட இடமுண்டு. அப்பாவை ஆசையாக ரேஞ்சுக்குக் கூட்டிப் போய் இரண்டு குண்டு சுடச் சொல்வதும் இதே சட்டத்தில்தான் மாட்டும், அவரை மட்டுமல்ல, கையில் கொடுத்த உங்களையும். கூட்டிப் போங்கள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்துக் காப்பி வாங்கிக் கொடுங்கள்.